அபராதம் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அம்மா அவர்களுக்கு வணக்கம். எனக்கு 26 வயது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமம். 2019-இல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் முளைப்பாரி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று தகராறு வந்து கைகலப்பில் முடிந்தது. எங்கள் தரப்பில் ஒன்பது பேர் மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 147 (கலகம்), 294(பி) (ஆபாசமாகத் திட்டுதல்), 323 (காயப்படுத்துதல்), 506(1) (மிரட்டல்) ஆகிய பிரிவுகளில் வழக்குப் போட்டார்கள். அதில் நானும் ஒருவன். அப்போது எனக்கு 20 வயது. 2021-இல் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. "ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடுங்கள், இன்றோடு தலைமுழுகிவிடலாம்" என்று உடன் வந்த பெரியவர்கள் சொன்னார்கள். ஒன்பது பேரும் ஒப்புக்கொண்டு ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டிவிட்டு வந்தோம். அன்று அடிபட்டவர் இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வந்துபோகிறார்.

இப்போது குரூப் 4 தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பத்தில் குற்ற வழக்கு பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருக்கிறேன். வழக்குதான் முடிந்துவிட்டதே என்ற எண்ணம். இப்போது பயமாக இருக்கிறது. ஸ்டேஷன் ரெக்கார்டிலிருந்து பெயரை எடுத்துத் தருவதாக ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். அந்த வழக்கைச் சட்டப்படி அழிக்க வழி உண்டா? இதுவரை சொல்லாததை இனிமேல் சொன்னால் வேலை போய்விடுமா? என்னோடு வழக்கில் இருந்த சித்தப்பா மகன் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். அவன் கதி என்ன? அரசு வேலை கிடைக்காவிட்டால் தனியார் கம்பெனியிலாவது சேர முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த நாற்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால், போனது போகட்டும், மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் பெயர் காவல் நிலையத்தில் இருக்கும் ஒரு நோட்டில் மட்டும் இல்லை. முதல் தகவல் அறிக்கையின் பிரதி நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. வழக்கு விவரம் காவல்துறையின் சி.சி.டி.என்.எஸ். கணினி வலையில் ஏறியிருக்கும். நடுவர் நீதிமன்றப் பதிவேட்டில் வழக்கு எண்ணும், அபராதம் வரவு வைத்த கணக்கும் இருக்கின்றன. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைத் தட்டினாலே வழக்கு வந்து நிற்க வாய்ப்பு உண்டு. இத்தனை இடத்திலிருந்தும் ஓர் இடைத்தரகரால் உங்கள் பெயரை எடுக்க முடியாது. அவரால் முடிந்ததெல்லாம் ஒரு போலிக் காகிதத்தை உங்கள் கையில் கொடுப்பதுதான். திருவிழாத் தகராறை எந்த அதிகாரியும் பொறுத்துக்கொள்ளக்கூடும். போலி ஆவணம் கொடுத்தவரை யாரும் பொறுக்கமாட்டார்கள். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம். இல்லாத களங்கத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இனி 2021-இல் நடந்ததற்கு வருகிறேன். உங்கள் சிக்கல் திருவிழாவில் தொடங்கவில்லை. நீதிமன்றத்தில் அந்தச் சில நிமிடங்களில்தான் தொடங்கியது.

நடுவர் நீதிமன்றங்களில் அடிக்கடி நான் பார்க்கும் காட்சி இது. டவாலி வரிசையாகப் பெயர்களைக் கூப்பிடுவார். ஏழெட்டுப் பேர் கூண்டு ஓரத்தில் கைகட்டி நிற்பார்கள். பிரிவுகள் வாசிக்கப்படும். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்ற கேள்விக்கு முன்னால் நிற்பவர் "ஆமாங்க ஐயா" என்றதும், பின்னால் நிற்பவர்களும் தலையசைப்பார்கள். அபராதத் தொகை சொல்லப்படும். பணத்தைக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு எல்லோரும் வெளியே டீக்கடைக்கு வந்து "முடிந்தது" என்று மூச்சு விடுவார்கள். வயலிலும் கடையிலும் வேலை பார்ப்பவருக்கு அது உண்மையாகவே முடிந்ததுதான். வேலைக்கு விண்ணப்பிக்கப் போகும் இருபது வயதுப் பையனுக்கு அங்கேதான் ஆரம்பம். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது சட்டத்தின் பார்வையில் சமரசம் ஆகாது, விடுதலையும் ஆகாது. நீதிமன்றம் உங்களைக் குற்றவாளி என்று தீர்மானித்துத் தண்டித்திருக்கிறது. தண்டனை சிறையாக இல்லாமல் ரூபாயாக இருந்தது, அவ்வளவுதான்.

இதை யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தமும் கோபமும் உண்டு. ஒரு மாணவனைக் கூட்டத்தோடு கூட்டமாக நிறுத்தி "ஆமாம்" சொல்ல வைக்கும் முன், "தம்பி, நீ அரசு வேலைக்குப் போகிறவனா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். எதிர்த்தரப்பிடம் பேசிச் சமரச மனுப் போட்டிருக்கலாம். தண்டிக்காமல் கண்டித்து அனுப்ப இடம் தரும் நன்னடத்தைச் சட்டத்தின் பயனைக் கேட்டிருக்கலாம். ஒன்றுமில்லாவிட்டாலும் வழக்கை நடத்தியிருக்கலாம். இதைப் படிக்கும் பெற்றோர்கள் தயவுசெய்து மனதில் வையுங்கள். பிள்ளையை ஒப்புக்கொள்ளச் சொல்லும் முன் ஒரு வழக்கறிஞரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞரை ஏற்பாடு செய்வார்கள்.

சட்டப்படி அழிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் 1974 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. தண்டனை பெற்றபின் குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தால், பெரும்பாலான வேலைகளுக்கு அந்தத் தண்டனையைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மனுப் போட்டுப் பதிவையே நீக்கவோ மூடி வைக்கவோ முடியும். நம் நாட்டில் வயது வந்தவர்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. 18 வயது நிறையாதவர்களுக்கு மட்டும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவில் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. அவர்கள் மீதான தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் கிடையாது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் பதிவுகளையும் அழிக்க வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்டவர் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டால் மட்டுமே விலக்கு. உங்களுக்கு அப்போது 20 வயது. அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. கைரேகை, புகைப்படம் போன்றவை பற்றி 2022-இல் வந்த சட்டமும் இதே போக்கில்தான் போகிறது. முன்தண்டனை இல்லாதவர் விடுதலையானால் அவற்றை அழிக்கச் சொல்கிறது, மற்றபடி 75 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது.

ஆக, பதிவை அழிக்க முடியாது. ஆனால் அந்தப் பதிவில் உங்களுக்கு எதிராக எழுதியிருப்பதை மாற்ற முயலலாம். இதைத்தான் நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்.

முதல் வேலையாக, தீர்ப்பளித்த நடுவர் நீதிமன்றத்தில் நகல் மனுப் போடுங்கள். முதல் தகவல் அறிக்கை, இறுதி அறிக்கை (குற்றப்பத்திரிகை), நீங்கள் ஒப்புக்கொண்டதைப் பதிவு செய்த தாள், தீர்ப்பு ஆகிய நான்குக்கும் சான்றிட்ட நகல் வேண்டும். உங்கள் மீதான பிரிவுகள் எல்லாம் இரண்டாண்டுக்கு மேற்படாத தண்டனை உள்ளவை. இப்படிப்பட்ட வழக்குகளில், குற்றத்தை ஒப்புக்கொள்பவர் சொல்லும் வார்த்தைகளை முடிந்தவரை அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 252-ஆம் பிரிவு சொன்னது. ஒன்பது பேருக்கும் ஒரே வரி அச்சடித்தாற்போல இருந்தாலோ, எந்தப் பிரிவை யார் ஒப்புக்கொண்டார் என்ற விவரமே இல்லாமல் இருந்தாலோ, உங்கள் வழக்கறிஞர் வாதிடுவதற்கு அதில் இடம் இருக்கிறது.

ஒப்புக்கொண்டு பெற்ற தண்டனையை எதிர்த்துச் சாதாரண மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனையின் அளவையும் அதன் சட்டப்பூர்வத் தன்மையையும் பற்றி மட்டுமே கேட்கலாம். ஆனால் சீராய்வு மனு உண்டு. கீழ் நீதிமன்றம் செய்தது சரியா என்று மேல் நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்வது அது. உங்கள் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள அமர்வு நீதிமன்றத்தில். கெடு 90 நாள். அது எப்போதோ கடந்துவிட்டது என்பதால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைச் சேர்த்துப் போட வேண்டும். தாமதத்துக்கான காரணத்தை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். அபராதம் கட்டியதோடு வழக்கு தீர்ந்தது என்று நம்பியதும், வேலைக்குப் போகும்போதுதான் விளைவு தெரிந்ததும் உண்மைதானே?

சீராய்வில் கேட்க வேண்டியதில் முக்கியமான ஒன்றைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் அது. முன்தண்டனை இல்லாத ஒருவர் இரண்டாண்டுக்கு மேற்படாத சிறைத் தண்டனைக்குரிய குற்றம் செய்திருந்தால், தண்டனை விதிக்காமல் கண்டித்து அனுப்ப 3-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படிக் கண்டித்து அனுப்பப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் சேராது என்கிறது 12-ஆம் பிரிவு. நடுவர் அன்று செய்யாததை, வழக்கு சீராய்வுக்கு வரும்போது மேல் நீதிமன்றமும் செய்யலாம் என்கிறது 11-ஆம் பிரிவு. இந்த மூன்று பிரிவுகளும் உங்கள் மனுவில் கட்டாயம் இருக்க வேண்டும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. 12-ஆம் பிரிவு தகுதியிழப்பை நீக்குமே தவிர, சம்பவம் நடக்கவே இல்லை என்று ஆக்கிவிடாது. படிவம் கேட்டால் அப்போதும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு வழி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அடிபட்டவர் உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்துபோகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு நம்பிக்கை தந்த வரி அதுதான். 323, 506(1) இரண்டும் சமரசம் செய்துகொள்ளக்கூடியவை. 147, 294(பி) அப்படி அல்ல. அதனால் கீழ் நீதிமன்றத்தில் சமரச மனுவால் முழு வழக்கும் தீராது. உயர் நீதிமன்றத்துக்கு அந்தக் கட்டு இல்லை. அந்த அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482-ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 528-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவின்கீழ், இரு தரப்பும் சமாதானமாகிவிட்டார்கள் என்ற கூட்டுப் பிரமாணப் பத்திரத்தோடு வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். தீர்ப்பு வந்துவிட்டதே, இனி ரத்து செய்ய என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டுங்கள். கொடிய தன்மை இல்லாத, தனிப்பட்டவர்களுக்கு இடையிலான குற்றங்களில், விசாரணை முடிந்து தண்டனை வந்த பிறகும்கூட, உண்மையான சமரசம் இருந்தால் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அடிபட்டவர் மனமுவந்து வர வேண்டும். ஊர்ப் பெரியவர்களை விட்டு அவரை நெருக்காதீர்கள். நேரில் போய், இப்படி ஒரு நிலைமை என்று சொல்லி, உதவி கேளுங்கள். நெருக்கடியில் வாங்கிய கையெழுத்து என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால் இருந்த நல்லெண்ணமும் போய்விடும்.

இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், உங்கள் வழக்குக்கு மதுரைக் கிளையைத்தான் சொல்வேன். ஒப்புக்கொண்டதைப் பதிவு செய்த தாளைப் பார்த்த பிறகு உங்கள் வழக்கறிஞர் வேறு மாதிரி நினைத்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். காகிதத்தைப் பார்ப்பவர் அவர்தான்.

ஆனால் எந்த மனு எப்போது முடியும் என்று யாராலும் நாள் குறிக்க முடியாது. சான்றிதழ் சரிபார்ப்பு அதற்காகக் காத்திருக்காது. எனவே விண்ணப்பத்தில் போட்ட அந்த 'இல்லை'யை இப்போதே சரிசெய்ய வேண்டும். மனுவில் ஏதாவது உத்தரவு வரட்டும், அதன்பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நீங்களாகச் சொல்வதற்கும், போலீஸ் சரிபார்ப்பில் அவர்களாகக் கண்டுபிடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தேர்வாணையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். சரிபார்ப்பு நாளில் அதன் நகலையும் நீதிமன்ற ஆவணங்களையும் நேரில் கொடுங்கள். கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

"மேற்படி தேர்வுக்கான விண்ணப்பத்தில் குற்ற வழக்கு குறித்த கேள்விக்கு 'இல்லை' என்று பதிவு செய்திருந்தேன். 2019-ஆம் ஆண்டு எங்கள் ஊர்த் திருவிழாவில் நடந்த தகராறு தொடர்பாக, இன்ன காவல் நிலையத்தின் இன்ன குற்ற எண்ணில் என் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தது. 2021-ஆம் ஆண்டு இன்ன நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1,500 ரூபாய் அபராதம் செலுத்தினேன். அத்துடன் வழக்கு முடிந்துவிட்டதால் குறிப்பிட வேண்டியதில்லை என்று தவறாகப் புரிந்துகொண்டேன். சட்ட ஆலோசனை பெற்றபின் சரியான நிலையை அறிந்து, நானாகவே தெரிவிக்கிறேன். இதைத் தவிர என் மீது வேறு வழக்கு எதுவும் இல்லை. சான்றிட்ட நகல்களை இணைத்துள்ளேன்."

இவ்வளவு போதும். போலீஸ் பொய் வழக்குப் போட்டது, ஊர்ப் பகை, சாதிப் பகை என்றெல்லாம் நீட்டாதீர்கள். கடைசிக்கு முந்தைய வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

இப்படிச் சொன்னால் வேலை போய்விடுமா? போகாது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. தவறான தகவல் தந்தவரின் விண்ணப்பத்தை நிராகரிக்கத் தேர்வாணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் உங்கள் பக்கம் நிற்கும் தீர்ப்புகள் இருக்கின்றன. எண்களையும் தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். எஸ்.சி.சி. என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தொகுப்பு.

(2011) 4 எஸ்.சி.சி. 644. டெல்லிக் காவல்துறையில் அமைச்சுப் பணித் தலைமைக் காவலர் பதவிக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர், விண்ணப்பத்தில் வழக்கு இல்லை என்று எழுதிவிட்டு, தேர்வான பின் நிரப்பிய உறுதிமொழிப் படிவத்தில்தான் உண்மையைச் சொன்னார். கொடுங்காயம் ஏற்படுத்தியதாக அவர் மீது இருந்த வழக்கு சமரசத்தில் முடிந்திருந்தது. சம்பவத்தின்போது அவருக்குச் சுமார் 20 வயது. இளவயதில் செய்த சிறு பிழைகளை மன்னிக்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகவே தீர்த்தது. அவர் வழக்கு சமரசத்தில் விடுதலையானது, உங்களுடையது தண்டனையில் முடிந்தது. இந்த வேறுபாட்டை எதிர்த்தரப்பு சொல்லும். அதனால்தான் மதுரைக் கிளை மனு உங்களுக்கு அவ்வளவு முக்கியம்.

(1996) 4 எஸ்.சி.சி. 17. இது அச்சாக உங்களைப் போன்றவர்களுக்கான தீர்ப்பு. ஹரியானா நீர்ப்பாசனத் துறையில் கடைநிலைப் பணியில் இருந்த ஒருவர், 1980-இல் இதே 294-ஆம் பிரிவில் ஒப்புக்கொண்டு 20 ரூபாய் அபராதம் கட்டியிருந்தார். அந்தத் தண்டனைக்காக அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். 294-இல் தண்டனை பெற்றதாலேயே ஒருவர் ஒழுக்கக்கேடான குற்றம் செய்தவர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதோடு நிற்கவில்லை. இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்பட்ட சில்லறைக் குற்றங்களைத் தண்டனையாகவே கருதாமல் இருக்க நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. அப்படி ஒரு பொதுச் சட்டம் இன்றுவரை வரவில்லை. வந்திருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. பேருந்தில் தகராறு, டீக்கடைச் சண்டை, கோஷம் போட்டது என்று எத்தனையோ பிள்ளைகள் சில நூறு ரூபாய் அபராதத்துக்காக வாழ்நாள் முழுதும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

(2016) 8 எஸ்.சி.சி. 471. அவதார் சிங் வழக்கு என்றால் எந்த வழக்கறிஞருக்கும் தெரியும். மூன்று நீதிபதிகள் அமர்வு, வேலைக்கு வருபவரின் வழக்கு விவரங்களை எப்படி எடைபோட வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான குற்றத்தில் தண்டனை பெற்றதை ஒருவர் சொல்லாமல் விட்டிருந்தாலும், சொல்லியிருந்தால் அது பதவிக்குத் தடையாக இருந்திருக்காது என்றால், அந்த மறைப்பைப் பொருட்படுத்தாமல் விட அதிகாரிக்கு உரிமை உண்டு. படிவத்தின் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டக் கூடாது. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது: உண்மையைச் சொன்னவருக்கும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, முன்வரலாற்றை எடைபோடும் உரிமை நியமிப்பவருக்கு உண்டு. அந்த எடைபோடுதலை அவர் நியாயமாகச் செய்ய வேண்டும். குற்றத்தின் தன்மை, வயது, பதவி எதையும் பார்க்காமல் இயந்திரத்தனமாக நிராகரித்தால், மதுரைக் கிளையில் ரிட் மனுப் போட்டுக் கேட்கலாம். இளநிலை உதவியாளர் பதவிக்குத் திருவிழாக் கைகலப்பு ஒரு தடையா என்ற கேள்வியில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

உங்கள் சித்தப்பா மகனின் நிலைமை இதைவிடக் கடினம். அவரிடம் இதை மழுப்பாமல் சொல்லுங்கள். காவலர் பணிக்கான தமிழ்நாட்டு விதிகளில் 2003-இல் சேர்த்த விளக்கம், சந்தேகத்தின் பலனைக் கொடுத்தோ, புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலையானவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதச் சொல்கிறது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதை உறுதி செய்தது. விடுதலையானவர்களுக்கே இப்படி என்றால், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்தில் ரத்தானால் அவர் பக்கம் வாதாட இடம் பிறக்கும். நீங்கள் இருவரும் ஒரே மனுவில் சேர்ந்துகொள்ளலாம். ஒன்பது பேரும் சேர்ந்தால் செலவும் குறையும். அதுவரை அவர் காவலர் தேர்வை மட்டும் நம்பியிராமல் குரூப் 4, கூட்டுறவு வங்கித் தேர்வுகளுக்கும் படிக்கட்டும். வயது வரம்பு யாருக்காகவும் காத்திருக்காது.

தனியார் நிறுவனங்களில் இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் பெரிய நிறுவனங்கள் வெளி ஏஜென்சிகளை வைத்துப் பின்னணி சரிபார்க்கின்றன. அவர்கள் பெரும்பாலும் நீதிமன்ற இணையதளத்தில் உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் போட்டுத் தேடுவார்கள். படிவத்தின் கேள்வியை எழுத்தெண்ணிப் படியுங்கள். "நிலுவையில் வழக்கு உண்டா?" என்று மட்டும் கேட்டால், இல்லை என்பது உண்மையான பதில். "எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா?" என்று கேட்டால், ஆம் என்று எழுதி இரண்டு வரியில் விளக்குங்கள். பொய் சொல்லிச் சேர்ந்தால், ஐந்து வருடம் கழித்து வேறு ஏதோ தகராறில் அதையே காரணம் காட்டி அனுப்பிவிடுவார்கள்.

இணையத்தில் கிடக்கும் பெயரை எடுக்கக் கேட்கலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். குற்றமற்றவர் என்று விடுதலையான ஒருவரே அதற்காகப் போராட வேண்டியிருக்கிறது. தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கக் கோரியவருக்கு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒற்றை நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அனுமதித்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. தண்டனை நிலைத்திருக்கும்வரை உங்களுக்கு அந்த வழியில் பலன் இல்லை.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், பாஸ்போர்ட் பற்றிக் கவலைப்படாதீர்கள். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தாலோ, கடந்த ஐந்தாண்டுக்குள் ஒழுக்கக்கேடான குற்றத்தில் இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றிருந்தாலோதான் சட்டம் தடுக்கிறது. இரண்டும் உங்களுக்குப் பொருந்தாது.

இதே போன்ற கடிதங்கள் போராட்டங்களில் கலந்துகொண்ட மாணவர்களிடமிருந்தும் வருகின்றன. அவர்களுக்கு ஒரு வரி: இறுதி அறிக்கையே போடாமல் கிடக்கும் வழக்கை, அபராதம் கட்டி முடிக்கலாம் என்று யார் சொன்னாலும் அவசரப்படாதீர்கள். மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனை உள்ள குற்றங்களுக்கு நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளக் கால வரம்பு உண்டு. அரசு அதிகாரியின் உத்தரவை மீறியதற்கான பழைய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவில் காவல்துறை நேரடியாக இறுதி அறிக்கை போட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்த்திருக்கிறது. உங்கள் வழக்கு சட்டப்படி நிற்கவே நிற்காததாக இருக்கலாம்.

தம்பி, நகல் மனுவுக்கு வழக்கு எண் வேண்டும். அபராத ரசீதில் அது இருக்கும். ரசீது தொலைந்திருந்தால், நீதிமன்ற இணையதளத்தில் காவல் நிலையத்தின் பெயரும் குற்ற எண்ணும் ஆண்டும் கொடுத்துத் தேடலாம். ஊரில் ஒன்பது பேரில் யாராவது ஒருவர் ரசீதை வைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள். திங்கள்கிழமை காலையிலேயே நகல் பிரிவில் மனுவைக் கொடுத்துவிடுங்கள். தேர்வாணையத்துக்கான கடிதத்தை நகல் வரும்வரை நிறுத்திவைக்க வேண்டாம். நகல்களை இணைத்துள்ளேன் என்ற கடைசி வரிக்குப் பதிலாக, ஆவணங்கள் பின்னர் சமர்ப்பிக்கப்படும் என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.